நரிமொட்டையிலிருந்து இந்திராணி

நாலு பேர் போதும். நாலே நாலு பேர் பதில் சொன்னால் போதும் என்று மூச்சுக்கு ஒரு தரம் தனக்குள் சொல்லிக்கொண்டே இந்திராணி ஏறினாள். ஒரு கால் வைத்தால் நாலு, மறுகால் வைத்தால் பேர். புல்லில் கிடந்த பனி முழங்கால்வரை சுடிதாரை நனைத்துவிட்டது. முதுகில் பை, பைக்குள் டிபன் பாக்ஸ் அளவில் ஒரு ரேடியோ, ஒரு பேட்டரி, இருபது மீட்டர் ஏரியல் கம்பி, பக்கவாட்டில் மடக்கிக் கட்டிய தூண்டில் கம்பு. மீன் பிடிக்க அல்ல, உச்சியில் நட்டு அந்தக் கம்பியைத் தூக்கிக் கட்ட. அமெச்சூர் ரேடியோக்காரர்களுக்குள் இப்படி ஒரு விளையாட்டு இருக்கிறது. மலை உச்சிக்குத் தன் காலால் ஏற வேண்டும், தன் சாமானைத் தானே சுமக்க வேண்டும், மேலே நின்று கூப்பிட வேண்டும், நாலு வேறு வேறு நிலையங்கள் பதில் சொல்லி அது நோட்டில் ஏறினால் அந்த மலை உன்னுடையது. மூணு பேர்தான் வந்தார்கள் என்றால் ஏறியது ஏறியதாக இறங்க வேண்டியதுதான். போடிக்கு மேலே, கேரளாவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கும் இந்த நரிமொட்டையிலிருந்து இதுவரை யாரும் கூப்பிட்டதில்லை. வன அலுவலகத்தில் அனுமதிச் சீட்டு எழுதியவர்கூட, "அங்க என்னம்மா இருக்கு, புல்லும் காத்தும்தான்" என்று சிரித்தார். காத்துதான் சார் வேணும் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அவள் குரலில் சொன்னால் அவர் "என்னம்மா?" என்பார், மறுபடி சொல்ல வேண்டும், மூன்றாம் தரம் சொல்லும்போது அதிலிருந்த சிரிப்பு செத்துப்போயிருக்கும். பேசாமல் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தாள். இந்த மூன்று வருஷத்தில் சொல்லாமல் விட்டதையெல்லாம் ஒன்றாய்க் கட்டினால் முதுகில் இருக்கும் பையைவிடக் கனக்கும். நாலு பேர். மூணு இல்லை, நாலு.

முன்னால், வனத்துறை துணைக்கு அனுப்பிய வாட்சர் குருவையா போய்க்கொண்டிருந்தார், கையில் அரிவாள், காலில் ரப்பர் செருப்பு, வயசு அறுபதைத் தொட்டிருக்கும், மூச்சு வாங்குகிற அறிகுறியே இல்லை. அடிவாரத்தில் "பையக் குடுங்கம்மா, நான் சும்மாதான வாரேன்" என்று கை நீட்டினார். "நாந்தாண்ணே தூக்கணும், அதான் சட்டம்" என்றாள். பஞ்சர் ஆன டியூபிலிருந்து வருவது மாதிரி, பாதி சொல்லும் பாதி காற்றுமாக வந்தது. அவர் திரும்பி நின்று, நேராக அவள் கழுத்தைப் பார்த்து, "தொண்டையில என்னாம்மா?" என்றார். "ஆபரேசன்." "ம்" என்றுவிட்டு நடக்க ஆரம்பித்துவிட்டார். அந்த ஒரு "ம்"முக்காகவே அவரை அவளுக்குப் பிடித்துப்போனது. மற்றவர்கள் தலையை ஒரு பக்கமாகச் சாய்ப்பார்கள், அடடா என்பார்கள், அவளுக்குக் காதும் கேட்காது என்பது போலச் சத்தமாகப் பேச ஆரம்பிப்பார்கள். தைராய்டுக் கட்டியை எடுத்தபோது இடது பக்கத்து நரம்பு போய்விட்டது, இடது குரல்நாண் அசைவதில்லை. இரட்டைக் கதவில் ஒன்று மட்டும் மூடுகிற வீடு, சந்து வழியாக உள்ளே இருப்பதெல்லாம் வெளியே போய்விடும். ஏறும்போது பேசினால் மூச்சு போதாது. அதனால் பேசவில்லை. பேசாமல் இருப்பதற்கு இன்றைக்கு ஒரு நல்ல காரணம் கிடைத்திருக்கிறது. வியாழக்கிழமைக்குப் பிறகு காரணமே தேவைப்படாமல் போகலாம். இல்லை, அதை இப்போது நினைக்கக் கூடாது. கல், கல்லுக்குப் பக்கத்தில் வழுக்கும் மண், அதற்குப் பக்கத்தில் ஊதாவாக ஒரு பூ, பெயர் தெரியவில்லை, மிதிக்காமல் தாண்டு. வியாழக்கிழமை காலை ஏழு மணிக்கு வெறும் வயிற்றோடு வரச் சொல்லியிருக்கிறார்கள், மதுரைக்கு. வலது பக்கத்தில் ஒரு கட்டி, மொச்சைக்கொட்டை அளவு. "அது நரம்பை ஒட்டி உக்காந்திருக்கும்மா, காப்பாத்தப் பாக்குறோம்" என்றார் டாக்டர், நல்ல மனுஷர், பொய் சொல்லத் தெரியாதவர். "ரெண்டு பக்கமும் போச்சுன்னா மூச்சுக்காகக் கழுத்துல ஒரு துளை போட வேண்டி வரலாம். பேச்சு, பாக்கலாம்." பார்க்கலாம். பேச்சைப் போய் எப்படிப் பார்ப்பது. அன்றைக்கே கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. அதுவும் முதுகில் இருக்கிற மூட்டையில்தான் இருக்கிறது.

பஸ் ஸ்டாண்டில் அவள் குரல் இன்னும் நன்றாகத்தான் இருக்கிறது. இன்று காலை ஆறு மணிக்குப் போடி பஸ்ஸுக்காகத் தேனியில் நிற்கும்போது கூரையிலிருந்து வந்து விழுந்தது: பயணிகளின் கனிவான கவனத்திற்கு. அவள்தான். அவளேதான். இருபத்திரண்டு வருஷம் அந்தச் சின்ன அறையில், விளம்பரக் கம்பெனியின் மைக்குக்கு முன்னால் உட்கார்ந்து ஜவுளிக்கடையும் நகைக்கடையும் கம்பம் கூடலூர் குமுளியும் சொன்ன குரல். காணாமல் போன பிள்ளைகளின் சட்டை நிறம் சொன்ன குரல். ஒரு தடவை ஒரு சின்னப் பெண்ணை மடியில் வைத்துக்கொண்டு, அது அழுகிற சத்தம் மைக்கில் ஏறாமல் ஒரு கையால் அதன் வாயைச் செல்லமாகப் பொத்திக்கொண்டே, ஆரஞ்சு கவுன் போட்ட குழந்தை, அம்மா பெயர் ஈசுவரி, எங்கிருந்தாலும் உடனே வரவும் என்று சொன்னாள். ஈசுவரி ஓடி வந்தாள், செருப்பில்லாமல், கையில் பாதி உரித்த வாழைப்பழத்தோடு. ஆபரேஷனுக்குப் பிறகு வேலை போய்விட்டது, ஆனால் கம்பெனி பழைய பதிவுகளை வைத்துக்கொண்டது, வெட்டி ஒட்டி இன்னமும் போடுகிறார்கள். பஸ் ஸ்டாண்டுக்குள் காலை வைத்தால் நாற்பத்தொன்பது வயது இந்திராணி கூரையிலிருந்து பேசுவாள், ஐம்பத்திரண்டு வயது இந்திராணி கீழே நின்று கண்டக்டரிடம் "போடி ஒண்ணு" என்பாள், அவர் "எங்கம்மா?" என்பார். முதல் வருஷம் அந்தப் பக்கமே போகாமல் மார்க்கெட்டைச் சுற்றிக்கொண்டு நடந்தாள். இன்று போனாள். நின்று முழுசாகக் கேட்டாள். குமுளி என்கிற இடத்தில் ளியை நாக்கு மடித்து அழகாகச் சொல்கிறாள் அந்தக் கூரைக்காரி. சொல்லட்டும். ஆனால் அவளால் ஒரு புதிய வார்த்தை சொல்ல முடியாது, பதிந்ததைத்தான் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும். கீழே நிற்கிறவள் அப்படி இல்லை. கீழே நிற்கிறவள் இன்றைக்கு என்ன சொல்லப்போகிறாள் என்று அவளுக்கே தெரியாது. போடி பஸ் வந்ததும் முண்டியடித்து ஏறி ஜன்னலோரம் பிடித்தாள்.

"நில்லுங்க" என்றார் குருவையா, திரும்பாமலே, அரிவாள் பிடித்த கையைப் பின்பக்கம் நீட்டி. சோலை முடிந்து புல்மேடு தொடங்குகிற இடத்தில், முப்பதடி தள்ளி, காட்டுமாடு ஒன்று நின்றது. கறுப்பு என்று சொல்ல முடியாத ஒரு கறுப்பு, நாலு காலிலும் வெள்ளைக் காலுறை போட்டது மாதிரி. அது இவர்களைப் பார்த்தது, மென்றுகொண்டே பார்த்தது. "ஒத்தைதான். போயிரும். அசையாதீங்க." இந்திராணி அசையவில்லை. இதயம் மட்டும் அசைந்தது, காதுக்குள், கழுத்தில், அந்தக் கட்டி இருக்கிற இடத்தில். இது பாய்ந்தால் கத்தக்கூட முடியாது என்று தோன்றியது, அப்புறம் கத்தினால் மட்டும் என்ன, கத்துகிறவளை மட்டும் மாடு விட்டுவிடவா போகிறது. தவமணி சொன்னது இதைத்தான். அவள் கணவன், மைக்செட் கடை வைத்திருக்கிறவன், முப்பது வருஷமாய்க் கல்யாணத்துக்கும் கட்சிக் கூட்டத்துக்கும் சத்தம் வாடகைக்கு விடுகிறவன். "ஒண்ணு ஆச்சுன்னா உன்னால கூப்பிடக்கூட முடியாதே இந்திரா." "கூப்பிடத்தாங்க போறேன்." "நான் அதச் சொல்லல." "நான் அதத்தான் சொல்றேன்." "ஆபரேசன் முடியட்டும், மாசம் ரெண்டு ஆகட்டும், நானே கூட்டிட்டுப் போறேன்." "முடிஞ்ச பெறகு எப்படி இருப்பேன்னு யாருக்குங்க தெரியும்? இப்ப எனக்குக் கால் இருக்கு, மூச்சு இருக்கு. இருக்கிறப்ப போறேன்." அவன் போய்க் கடையில் உட்கார்ந்து கம்பியின் முனைகளை இரண்டாம் முறை பற்றவைத்தான், ஏற்கெனவே நன்றாக இருந்ததையே. கோபம் வந்தால் அவன் எதையாவது பற்றவைப்பான். மாடு மூக்கால் ஒரு சத்தம் விட்டது. லாரியின் காற்று பிரேக் மாதிரி. மெதுவாகத் திரும்பி, தனக்கு வேறு வேலை இருக்கிறது என்பது போலச் சரிவில் இறங்கிப் போனது. குருவையா கையைக் கீழே இறக்கினார். "பயந்துட்டீங்களா?" "ஆமாண்ணே." "நானுந்தான்" என்றார், நடந்தார்.

கடைசி ஏற்றம் செங்குத்து. கையை ஊன்றி ஏற வேண்டும், புல்லின் அடியைப் பிடித்துக்கொள்ள வேண்டும். லாக் எழுதுங்க. இது எங்கிருந்து வருகிறது, இத்தனை உயரத்தில். நீங்க லாக் எழுதுங்க மேடம். போன வருஷம் ரேடியோ கிளப்பின் முகாமில், கல்லூரி மைதானத்தில் கூடாரம் போட்டு, இருபத்துநாலு மணி நேரம் மாறி மாறி ரேடியோவில் பேச வேண்டும். அவள் முறை வந்தது. மைக்கை எடுத்து, காற்றில் தன் பெயராக இருக்கிற அழைப்புக்குறியைச் சொன்னாள். எதிர்ப்பக்கம் "திரும்பச் சொல்லுங்க" என்றது. சொன்னாள். மறுபடி திரும்ப. செயலாளர் ரகோத்தமன் பின்னாலிருந்து வந்து, கோபமே இல்லாமல், தின்னக் கூடாததைத் தின்கிற குழந்தையிடமிருந்து வாங்குவது மாதிரி மைக்கை அவள் கையிலிருந்து வாங்கினார். "அந்தப் பக்கம் உள்ளவங்களுக்குப் புரியல மேடம். தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க லாக் எழுதுங்க, உங்க கையெழுத்து முத்து முத்தா இருக்கும்." அவள் எழுதினாள். அன்று முழுக்க மற்றவர்கள் பேசியதை முத்து முத்தாக எழுதினாள். அதுதான் இன்றுவரை ஆறவில்லை, அவர் வாங்கியது அல்ல, அவள் கொடுத்தது. விரலை இறுக்கியிருக்கலாம். இறுக்கவில்லை. வீட்டுக்கு வந்து தவமணியிடம் சொன்னபோது அவன் பாதி கேட்டுக்கொண்டிருக்கும்போதே எழுந்து போய் ஒரு ரம்பப் பிளேடை ஒடித்து, பலகையில் திருகி, தந்தி அடிக்கிற ஒரு மோர்ஸ் கீ செய்துகொண்டுவந்து அவள் முன்னால் வைத்தான். "இதுல தொண்டை எதுக்கு?" டிட், டா. சின்னது ஒன்று, நீளமானது ஒன்று. எட்டு மாதம். குக்கர் விசிலை எழுத்தாக்கினாள், பால்காரன் ஹாரனை எழுத்தாக்கினாள், கடைப் பெயர்ப்பலகைகளை மனதுக்குள் தட்டிக்கொண்டே ஆட்டோவில் போனாள். மோர்ஸ் பரீட்சை அறையில் இருபது வயசுப் பையன்களோடு உட்கார்ந்து தேறினாள். ஏறு. அந்தக் கல்லைப் பிடி, அது ஆடுகிறது, வேண்டாம், இதைப் பிடி. விரலை இறுக்கு.

உச்சி என்பது ஒரு மொட்டைப் பாறை, நாலு கட்டில் போடுகிற இடம், அவ்வளவுதான். காற்று அடித்த அடியில் துப்பட்டா பறந்து முகத்தில் ஒட்டிக்கொண்டது. கீழே போடி தெரிந்தது, தென்னந்தோப்புகள், எங்கோ ஒரு தகரக் கூரை வெயிலில் மின்னியது. இந்தப் பக்கம் கேரளா, முழுக்க மேகம். குருவையா மேகத்தைப் பார்த்தார். "பதினொண்ணரைக்கு அது இங்க வந்திரும்மா. வந்துச்சுன்னா வழி தெரியாது. அதுக்கு முன்ன எறங்கிரணும்." மணி ஒன்பதே முக்கால். தூண்டில் கம்பை நீட்டிப் பாறை இடுக்கில் செருகி, கல் வைத்து முட்டுக் கொடுத்து, கம்பியின் நடுவை மேலே ஏற்றி, அதன் இரண்டு கைகளையும் இரண்டு பக்கமும் இறக்கிப் புதரில் கட்டினாள். கூரை மாதிரி நின்றது. பேட்டரியை எடுக்கப் பைக்குள் கை விட்டபோது வழுவழுப்பாக ஏதோ தட்டுப்பட்டது. மைக். அவள் வைக்கவில்லை. கனம் வேண்டாம் என்று காலையில் மேசைமேல் வைத்துவிட்டு வந்தது அது. அவள் குளிக்கப் போன நேரத்தில் தவமணி எடுத்து உள்ளே போட்டிருக்கிறான், வயரை ரப்பர் பேண்டால் சுற்றி, பத்திரமாக. ஒரு நொடி கோபம்தான் வந்தது. இரக்கமா இது, இல்லை சவாலா? முப்பது வருஷம் கூடவே இருந்தாலும் இந்த மனுஷனிடம் அந்த இரண்டுக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்க முடிந்ததில்லை. மைக்கைப் பாறைமேல் தள்ளி வைத்தாள். கீயைத் தொடையில் கட்டினாள். காதில் ஹெட்போன். முதலில் ஒன்றுமில்லை, மழை பெய்வது போன்ற இரைச்சல் மட்டும், உலகம் முழுக்க எண்ணெயில் வதங்குவது போல. கையை வைத்தாள். டா டிட் டா டிட், டா டா டிட் டா. யாராவது, யாராக இருந்தாலும். பிறகு அவளுடைய குறி, மலையிலிருந்து என்பதற்கான குறி, முடிந்தது பேசலாம் என்பதற்கான டா டிட் டா. கையை எடுத்தாள். இரைச்சல்.

யாரும் இல்லை. மறுபடி. யாரும் இல்லை. அலைவரிசையைக் கொஞ்சம் நகர்த்தி மறுபடி. எங்கோ இரண்டு பேர் ரஷ்யாவிலோ எங்கோ வேகமாக ஒருவரையொருவர் தட்டிக்கொண்டிருந்தார்கள், அவர்களுக்கு இவள் இல்லை. பத்து நிமிடம், இருபது. குருவையா பாறைக்குக் கீழே காற்று படாத இடத்தில் குந்தி உட்கார்ந்து, இந்த அம்மா தொடையைத் தட்டுவதையும் வானத்தைப் பார்ப்பதையும் பார்த்துக்கொண்டிருந்தார். "யாரும் பேசலீங்களா?" தலையாட்டினாள். கூப்பிட்டு யாரும் வராமலிருப்பது அவளுக்குப் புதிதில்லை, ஆனால் இது அப்படி இல்லை, இது என்னவோ முன்னோட்டம் மாதிரி இருந்தது. வெள்ளைப் படுக்கை, கழுத்தில் துளை, துளையில் ஒரு குழாய், அவள் வாயைத் திறக்கிறாள், நர்ஸ் மானிட்டரைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள், திரும்பவில்லை. தவமணி நாற்காலியில் தூங்குகிறான், திரும்பவில்லை. அவள் கட்டில் கம்பியைத் தட்டுகிறாள். டா டிட் டா டிட். அந்த ஆஸ்பத்திரியில் ஒருத்தருக்காவது இது புரியுமா? வெறும் தட்டல் என்பார்கள், நோயாளிக்கு வலி என்பார்கள், ஊசி போடுவார்கள். பயம்தான். இதற்கு வேறு பெயர் கிடையாது, பயம்தான், மாட்டுக்கு முன்னால் வந்ததுகூட இதற்கு முன் ஒன்றுமில்லை. சரி. பயம் இருந்துவிட்டுப் போகட்டும், அதுவும் மலை ஏறித்தானே வந்திருக்கிறது, ஓர் ஓரமாக உட்காரட்டும். கை நடுங்கினால் எழுத்து கெடும், அது மட்டும் கூடாது. கையை உதறிவிட்டு மறுபடி வைத்தாள். யாராவது. யாராக இருந்தாலும். தட்டுவேன். கட்டில் கம்பியைத் தட்டுவேன், ஊசி போட்டால் தூங்கி எழுந்து தட்டுவேன், புரிகிறவன் வருகிறவரை தட்டுவேன். டா டிட் டா.

இரைச்சலுக்கு அடியில், தண்ணீருக்கு அடியில் காசு போல, ஒன்று மின்னியது. அவள் குறி. யாரோ அவள் குறியைத் திருப்பி அனுப்புகிறார்கள். பென்சில் விழுந்தது, குனிந்து எடுத்தாள், இலங்கை, மாத்தளை. அவர் அனுப்பிய அளவு ஐந்து ஐந்து ஒன்பது, சுமாரான சத்தம், சுத்தமான ஓசை. சுத்தமான ஓசை. அதை இரண்டு தடவை எழுதிவிட்டாள், ஒன்றை அடித்தாள். ஒன்று. ஒருத்தர் வந்தால் மற்றவர்களும் காதைத் தீட்டுவார்கள், அது எந்த அலைவரிசையிலும் அப்படித்தான். கண்ணூர்க்காரர் வந்தார், மலையா, எந்த மலை என்று கேட்டார், இந்த மலையின் பெயரை எழுத்தெழுத்தாக அவள் காற்றில் தட்டினாள், நரிமொட்டை என்ற சொல் முதல் தடவையாக அரபிக்கடல்வரை போனது. இரண்டு. பெங்களூர்க்காரர் அவசரக்காரர், பெயரைக்கூடச் சொல்லாமல் போய்விட்டார். மூன்று. பிறகு மறுபடி ஒன்றுமில்லை. மணி பதினொன்று. மேகம் எதிர்மலையின் இடுப்பைத் தாண்டிவிட்டது. "அம்மா" என்றார் குருவையா எழுந்து நின்று. மூணு இல்லை, நாலு. "பத்து நிமிசம்ணே." "அஞ்சு." மறுபடி தட்டினாள். வெகு தூரத்தில் ஒருவர், கேட்கிறார், கரைகிறார், ஒரு எழுத்து வந்தது, அடுத்தது மூழ்கியது. அவள் கேள்விக்குறி அனுப்பினாள். அவர் மறுபடி அனுப்பினார், பாதி வந்தது. மறுபடி கேள்விக்குறி. இப்போது அவர் வேகத்தைக் குறைத்தார். ஒவ்வொரு எழுத்தையும் இரண்டிரண்டு தரம், நிதானமாக, சலிப்பே இல்லாமல். அவள் மூன்றாம் முறை, நான்காம் முறையும் கேட்டாள். அவர் நான்காம் முறையும் திரும்பச் சொன்னார். நாக்பூர். பெயர் விநாயக். இந்த மூன்று வருஷத்தில் அவளிடம் யாராவது நாலு தடவை திரும்பக் கேட்டிருந்தால் அவள் என்ன நினைத்திருப்பாள்? இந்த மனுஷன் ஒன்றும் நினைக்கவில்லை. திரும்பச் சொன்னார், அவ்வளவுதான். கேட்கிறவனுக்கு வேண்டுமென்றால் கேட்பான், சொல்கிறவளுக்கு வேண்டுமென்றால் சொல்வாள், இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது? நாலு என்று நோட்டில் எழுதி வட்டம் போட்டாள். "முடிஞ்சுதுங்களா?" "முடிஞ்சதுண்ணே." எழுந்தாள். கம்பியை அவிழ்க்கப் போனாள். அவிழ்க்கவில்லை. திரும்பி வந்து உட்கார்ந்தாள், கீயின் வயரைப் பிடுங்கினாள், பாறைமேல் கிடந்த மைக்கை எடுத்துச் செருகினாள்.

இது தேவையில்லை. மலை அவளுடையதாகிவிட்டது. இனி ஏதாவது கெட்டாலும் நோட்டில் இருப்பது போகாது. அப்படியிருந்தும் விரல் அலைவரிசையைத் தள்ளிக்கொண்டு பேச்சுக்கான இடத்துக்குப் போனது, ஞாயிற்றுக்கிழமை காலைகளில் நம்மூர் ஆட்கள் தமிழில் பேசிக்கொண்டிருக்கிற இடம். காலியாக ஓர் இடைவெளி கிடைத்தது. இந்தக் குரல் இன்னும் நாலு நாள் இருக்கிறது. நல்ல குரலுக்குத்தான் மைக் என்று எந்தச் சட்டத்தில் எழுதியிருக்கிறது? விரலை இறுக்கி பட்டனை அழுத்தினாள். தன் குறியைச் சொன்னாள். காற்று பிய்த்தது, தொண்டைச் சந்து வழியாகப் பாதி போயிற்று, மீதியை அவள் தள்ளினாள். "நரிமொட்டையிலிருந்து பேசுறேன். தேனி மாவட்டம். யாராவது கேக்குறீங்களா?" இரைச்சல். மறுபடி சொன்னாள், அதே சொற்களை, அவசரப்படாமல். மூன்றாம் முறை ஒரு ஆண்குரல் வந்தது, தெளிவாக, பக்கத்துத் தெருவிலிருந்து போல. "நரிமொட்டை, நரிமொட்டை, இது நாகர்கோவில், பெயர் ஐசக். உங்க சிக்னல் நல்லா இருக்கு. ஆனா சத்தம் பிசிறடிக்குது. மைக்ல காத்து அடிக்குது போல. கொஞ்சம் தள்ளிப் பிடிங்க."

"மைக் நல்லாத்தான் இருக்கு சார். என் குரல்தான் இப்படி. தொண்டையில ஆபரேசன். இதுக்கு மேல தெளிவா வராது. கேக்க முடியுதா?"

கொஞ்ச நேரம் வெறும் இரைச்சல். போய்விட்டார் என்று நினைத்தாள். போனால் போகட்டும், அடுத்தவரைக் கூப்பிடலாம் என்று விரலை வைத்தாள்.

"கேக்க முடியுது மேடம்" என்றது குரல். "ஹெட்போன் எடுக்கப் போயிருந்தேன். இப்ப நல்லா கேக்குது. பேரு மட்டும் திரும்பச் சொல்லுங்க."

"இந்திராணி."

"சித்ராணியா?"

"இல்ல சார். இந்திராணி. இட்லிக்கு இ."

"இந்திராணி! எழுதிட்டேன். நடந்தா மேல வந்தீங்க?"

"நடந்துதான். வழியில காட்டுமாடு நின்னுச்சு. அது வழி விட்டுச்சு."

அவர் சிரித்தார். பாறைக்குக் கீழே குருவையாவும் சிரித்தார், காட்டுமாடு என்பது மட்டும் அவருக்குக் காற்றில் கேட்டிருக்கும். மேகத்தின் முதல் விளிம்பு வந்து பாறையைத் தொட்டது, கன்னத்தில் ஈரம் பட்டது. ஐசக் கேட்டார், "அடுத்து எந்த மலை மேடம்? எப்ப வருவீங்க? நான் காத்துக்கிட்டிருப்பேன்."

எப்போது? வியாழக்கிழமை. அதற்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று இங்கிருந்து தெரியவில்லை, கேரளாப் பக்கம் மாதிரி முழுக்க வெள்ளை. ஆனால் அந்த வெள்ளைக்குள்ளும் மலைகள் இருக்கத்தான் செய்கின்றன. குருவையா பையின் வாரைப் பிடித்துத் தயாராக நின்றார். அவள் ஒரு விரலைத் தூக்கிக் காட்டினாள், ஒரு நிமிஷம்.

"வருவேன் சார். எந்த மலைன்னு தெரியாது. இந்த வியாழக்கிழமை எனக்கு இன்னொரு ஆபரேசன். அதுக்கப்புறம் குரல் சுத்தமா இல்லாமப் போகலாம். அப்படின்னா மோர்ஸ்ல வருவேன்."

"அய்யோ" என்றார் அவர். பிறகு, தயங்கி, "எனக்கு மோர்ஸ் தெரியாதே மேடம்."

"அப்ப கத்துக்கங்க சார்" என்றாள் இந்திராணி. குரல் உடைந்தது, உடைந்ததோடேயே தொடர்ந்தாள். "எனக்கு எட்டு மாசம் ஆச்சு. உங்களுக்கும் ஆகும். இப்பவே ஆரம்பிங்க. பென்சில் இருக்கா? என் பேருல முதல் எழுத்து ரெண்டு புள்ளி. டிட் டிட். அவ்வளவுதான். எங்க, சொல்லுங்க பாப்போம்."